குவாரித் தண்ணீர் இறங்கும் விளையில் பயோசார் போட்டால் கன உலோகம் போய்விடுமா?

திருவட்டாறு விளை

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்களுக்கு 40 செண்ட் விளை இருக்கிறது. பாதி வாழை, பாதி மரச்சீனி (மரவள்ளி). மேட்டில் ஒரு கல் குவாரி பல வருஷம் ஓடி இப்போது நின்றுவிட்டது. குழி நிறைய தண்ணீர், சுற்றிலும் கழிவு மண்ணும் கல்பொடியும் குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் அது ஓடை வழியே இறங்கி எங்கள் வாழைக்குள் படிகிறது. காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டி இறுகிவிடும். மண்வெட்டி வைத்தால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

போன வாரம் ஒருவர் வந்து மூட்டை மூட்டையாக பயோசார் என்ற கரி தருகிறேன் என்றார். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகம் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிடுமாம், ஒரே வருஷத்தில் மண் சுத்தமாகிவிடுமாம். வெளிநாட்டில் ஏதோ சுரங்கத்தில் போட்ட வீடியோவும் காட்டினார். அப்பா வாங்கலாம் என்கிறார். மரச்சீனி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவது, அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையில் வேலை செய்யுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்ணும் வேரும்

தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது. நான் மண் வேதியியல் படித்தவன், உலோகம் ஏறிய மண்ணில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உறிஞ்சி எடுத்துவிடும் என்று அவர் சொன்னது சரியில்லை. ஈயம் ஒரு தனிமம். அது எரியாது, மட்காது, நுண்ணுயிர் தின்று தீர்க்கவும் முடியாது. பயோசார் போட்ட பிறகும் உங்கள் மண்ணில் இருக்கும் ஈயம் முழுவதும் அதே மண்ணில்தான் இருக்கும். மாறுவது ஒன்றுதான்: மண்ணின் ஈரத்தில் கரைந்து வேருக்குள் போகக்கூடிய பங்கு குறையும். உலோகத்தைக் கட்டிப்போடும் வேலை இது, வெளியேற்றும் வேலை இல்லை.

எப்படிக் கட்டிப்போடுகிறது? காற்று அதிகம் புகாமல் 300 முதல் 700 டிகிரி வரை சூட்டில் சுட்ட கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அந்தப் பரப்பில் ஆக்சிஜன் கலந்த சில வேதித் தொகுதிகள் இருக்கின்றன. நேர்மின் ஏற்றமுள்ள உலோக அயனிகள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாவது, கரியோடு சேர்ந்த சாம்பலில் கார்பனேட், பாஸ்பேட் உப்புகள் இருக்கும். அவற்றோடு ஈயம் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகப் படிந்துவிடும். மூன்றாவது, பயோசார் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. நம் மேற்குப் பகுதியில் இருப்பது புளித்த செம்பொறை மண். அதன் பிஎச் கொஞ்சம் ஏறினாலே, அதாவது புளிப்பு குறைந்தாலே, காட்மியமும் துத்தநாகமும் கரைவது குறையும்.

இதில் ஈயம்தான் நன்றாக அடங்கும். செம்பும் ஓரளவு அடங்கும். காட்மியமும் துத்தநாகமும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது, மண் மறுபடி புளித்தால் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். ஆர்சனிக் இதற்கு நேர் எதிர். அது மண்ணில் எதிர்மின் ஏற்றத்தோடு இருப்பதால் கரியில் ஒட்டாது. போதாக்குறைக்குப் பிஎச் ஏறும்போதும் பாஸ்பேட் வந்து இடத்தைப் பிடிக்கும்போதும், அதுவரை இரும்பு ஆக்சைடில் ஒட்டிக் கிடந்த ஆர்சனிக்கும் கரைந்து வெளியே வரலாம். உங்கள் மண்ணில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்காமல் மூட்டையைக் கொட்டினால் கெடுதலாகக்கூட முடியும். அந்த வியாபாரி உங்கள் மண்ணைச் சோதித்துப் பார்த்தாரா?

அந்த வீடியோ எது என்று தெரியவில்லை. பலரும் காட்டுவது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகருக்கு அருகே இருக்கும் ஹோப் மைன் என்ற பழைய வெள்ளிச் சுரங்கம். அங்கே 2010 வாக்கில் சரிவில் கிடந்த சுரங்கக் கழிவின் மேல் பயோசாரையும் கம்போஸ்டையும் விதையையும் கலந்து தெளித்தார்கள். புல்கூட முளைக்காத கழிவில் பச்சை பிடிக்க வைத்து, அது கீழே ஓடும் ஆற்றுக்குள் சரிந்து விழாமல் நிறுத்துவதுதான் நோக்கம். கரியைக் கழிவுக் குவியலின் மேலேயே போட்டார்கள், கீழே இருப்பவன் தோட்டத்தில் போடவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

கல்குளத்து மாணவன்

நான் நிலவியல் படிக்கிறேன். குவாரி என்றதுமே கன உலோகம் என்று நினைத்துவிட வேண்டாம், அண்ணே. நம் மாவட்டத்தில் உடைக்கும் கல் பெரும்பாலும் சார்னோகைட், கொண்டலைட், கார்னெட் கலந்த நைஸ் என்ற பாறை வகைகள். குவார்ட்ஸ், பெல்ஸ்பார், பைராக்சின் போன்ற சிலிகேட்டுகள்தான் அதில் அதிகம். ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும் சுரங்கங்களில் இருப்பது கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடு தாது. ராஜஸ்தானில் ஜாவர், கேத்ரி மாதிரி இடங்கள். அந்தக் கழிவு காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறி உலோகத்தைக் கரைத்து இறக்கும். நம் கல்பொடியில் அந்த அளவு சல்பைடு கிடையாது.

உங்கள் வாழைக்குள் வந்து இறுகும் அந்த ஏடு மண்ணின் துளைகளை அடைக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றுப் போகாது. சேதத்தில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் வெடிமருந்து. அம்மோனியம் நைட்ரேட் கலந்த வெடியில் எரியாமல் மிஞ்சுவது குழித் தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேரும். வீட்டுக் கிணற்றில் நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண பயோசார் நைட்ரேட்டை அவ்வளவாகப் பிடிக்காது.

மண்ணும் வேரும்

தம்பி சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். குவாரியை ஒட்டி கிரஷர், லாரி ஷெட் இருந்திருந்தால் பழைய பேட்டரி, கழிவு எண்ணெய், பெயின்ட் எல்லாம் அங்கே கொட்டப்பட்டிருக்கலாம். ஈயம் வந்திருந்தால் பாறையிலிருந்து வருவதைவிட இந்த வழியில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் சோதனை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கரைப்பெண்

நான் கடற்கரைக்காரி, மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே கருமணல் எடுப்பதும் கதிர்வீச்சும் எங்களுக்குத் தினசரிப் பேச்சு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் என்று வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு. எங்கள் கூட்டம் ஒன்றிலும் ஒருவர் எழுந்து, இப்போது பயோசார் என்று ஒரு தொழில்நுட்பம் வந்திருக்கிறது, சுரங்கம் தோண்டிய இடத்தில் அதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சார், கதிர்வீச்சு தரும் தோரியத்தைக் கரி பிடிக்குமா?

மண்ணும் வேரும்

அக்கா, இதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிடிக்காது.

உங்கள் கரையில் தோரியம் இருப்பது மோனசைட் என்ற மணலுக்குள். அது செரியம், லாந்தனம், தோரியம் சேர்ந்த பாஸ்பேட் கனிமம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிவந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியின் மணல் கதை அங்கே தொடங்குகிறது. மலையில் பாறை உடைந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலசப்பட்ட பிறகும் அந்த மணல்மணி கரையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வளவு கெட்டியான கனிமம் அது. கரி பிடிப்பது தண்ணீரில் கரைந்த அயனியை. மணிக்குள் பூட்டிக் கிடக்கும் தோரியத்தின் மேல் அதற்குப் பிடியே கிடையாது. மணியிலிருந்து வரும் காமாக் கதிரையும் வயலில் கலந்த கரி தடுக்காது. தோரியம் 232-ன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு, ஆகவே காத்திருந்தும் குறையாது.

அந்த மணலைக் கையாளும் இடத்தில் செய்ய வேண்டியவை வேறு. மோனசைட் சேர்ந்த மணலை மனிதர் புழங்கும் இடத்தில் குவித்து வைக்கக் கூடாது. தூசி பறக்கவிடக் கூடாது. வீட்டுக்கும் முற்றத்துக்கும் அந்த மணலை எடுத்துவரக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும், அளந்ததை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் பேசியவரைப் பற்றி ஒரு வார்த்தை. பயோசார் எனக்குப் பிடித்த விஷயம், அதற்காக வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறேன். ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணில் வாழ வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களுக்கு உதவும் பொருள் அது. இனிமேல் கெடுப்பதற்குச் சம்மதம் வாங்க அதைக் காட்டுகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த கூட்டத்தில் அவரிடம், எந்த உலோகத்தை, எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கரைப்பெண்

நன்றி சார். இதை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். எங்கள் பங்குக் கோயில் கூட்டத்தில் வாசிப்போம்.

கோலார் பேரன்

தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடியதும் நாங்கள் தக்கலைக்கே திரும்பிவிட்டோம். அங்கே ஊரை ஒட்டியே சயனைடு மேடு என்று சொல்வோம், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய பொடி, கோடிக்கணக்கான டன். கோடைக்காற்று அடித்தால் துணி காயப்போட முடியாது, சோற்றில்கூட நறநறக்கும். அந்த மேட்டில் கரியைப் போட்டு மரம் வளர்க்கலாமா? உறவுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மண்ணும் வேரும்

பொடி பறப்பதை நிறுத்தப் பச்சை பிடிக்க வைப்பதுதான் வழி, அதற்குக் கரியும் கம்போஸ்டும் உதவும். வெறும் பொடியில் ஈரமும் நிற்காது, சத்தும் நிற்காது. ஆனால் தங்கத் தாதுவோடு பல இடங்களில் ஆர்சனிக் சேர்ந்திருக்கும். மேலே நான் எச்சரித்தது இதே ஆர்சனிக்கைத்தான். அளந்து பார்த்து ஆர்சனிக் இருந்தால் வெறும் கரியைத் தவிர்த்து, இரும்புச் சேர்மம் ஏற்றிய பயோசாரைப் பார்க்க வேண்டும். ஆர்சனிக் இரும்போடு நன்றாக ஒட்டும்.

குரோமியத்துக்கு இன்னொரு கணக்கு. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் சுரங்கங்களால் தண்ணீரில் ஆறு இணைதிற குரோமியம் கலக்கிறது, அது நச்சு. பயோசார் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, நச்சு குறைந்த, எளிதில் நகராத மூன்று இணைதிற குரோமியமாக மாற்றும். ஒரே கரிதான், ஈயத்தில் ஒரு வேலை, குரோமியத்தில் ஒரு வேலை, ஆர்சனிக்கில் தலைகீழ். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கிடையாது.

நெல் ஏலா

ஒரு கேள்வி. பிஎச் ஏறுவதால்தான் உலோகம் அடங்குகிறது என்றால் சுண்ணாம்பு போதாதா? நீற்றின சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டால் செலவு குறைவு. எங்கள் ஏலாவில் புளிப்புக்கு அதைத்தான் போடுகிறோம். இதற்கு எதற்குக் கரி?

மண்ணும் வேரும்

நியாயமான கேள்வி. பல மண்ணுக்கு முதலில் சுண்ணாம்பைத்தான் நானும் சொல்வேன். காட்மியம் இலேசாக இருக்கும் புளித்த மண்ணில் பிஎச்சை 6.5 பக்கம் கொண்டுவந்தாலே பாதிக் கவலை தீரும். ஆனால் நம் மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. சுண்ணாம்பு கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும், மறுபடி மறுபடி போட வேண்டும். கரி பல பத்தாண்டு மண்ணில் நிற்கும். கல்பொடி ஏடு கட்டும் மண்ணைப் பொலபொலப்பாக்குவதும் கரியும் தொழுஉரமும்தான், சுண்ணாம்பு மட்டும் போட்டால் அது நடக்காது. இரண்டையும் சேர்த்துப் போடுவது நல்லது.

திருவட்டாறு விளை

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், எவ்வளவு போட வேண்டும்? அந்த வியாபாரி செண்டுக்கு ஒரு மூட்டை என்றார், 25 கிலோ மூட்டை.

மண்ணும் வேரும்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செண்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். மேல் 20 சென்டிமீட்டர் மண் என்றால் 8 கன மீட்டர், எடை 10 டன்னுக்குக் கொஞ்சம் மேல். உலோகம் கட்டுப்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகளில் பொதுவாக மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை போடுகிறார்கள். 1 சதவீதம் என்றாலே செண்டுக்கு 100 கிலோவுக்கு மேல். உங்கள் 40 செண்டுக்கும் 4 டன்னுக்கு மேல். அவர் சொல்லும் ஒரு மூட்டை கால் சதவீதம்கூட வராது.

அவ்வளவு கரி செய்ய எவ்வளவு சிரட்டை வேண்டும்? உலர்ந்த பொருளின் எடையில் கால் பங்கு, நன்றாகச் செய்தால் மூன்றில் ஒரு பங்கு கரியாகக் கிடைக்கும். செண்டுக்கு 300, 400 கிலோ சிரட்டை. சிரட்டைக் கரியை ஆக்டிவேட்டட் கார்பன் கம்பெனிகள் நல்ல விலைக்கு எடுக்கின்றன, அதை மண்ணில் கொட்டுவது கட்டுப்படியாகாது. முழு விளைக்கும் போடாமல் ஓடை வந்து விழும் வாய், ஏடு கட்டும் பாகம், இவ்வளவுக்கு மட்டும் போடுங்கள். சிரட்டையை விட்டு மட்டை, கதம்பல், மரச்சீனிக் கம்பு, ரப்பர்க் கிளை என்று வீட்டில் கிடப்பதைச் சுடலாம்.

குலசேகரம் அக்கா

வீட்டிலேயே செய்வது பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் செய்கிறோம்.

தரையில் புனல் மாதிரி குழி வெட்டுங்கள். மேல்வாய் ஐந்தடி, ஆழம் இடுப்பு வரை, அடி குறுகலாக. அடியில் சுள்ளி வைத்து மேல்பக்கத்திலிருந்து பற்றவையுங்கள். தீ நன்றாகப் பிடித்ததும் கிளைகளை ஒரு அடுக்குப் பரப்புங்கள். அந்த அடுக்கின் மேல் வெள்ளைச் சாம்பல் லேசாகத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தோன்றியதும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் தீ காற்றைத் தின்றுவிடுவதால் கீழே இருக்கும் கட்டை சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். புகை அதிகம் வந்தால் ஈரக்கட்டை போட்டுவிட்டீர்கள் அல்லது அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். குழி நிறைந்ததும் ஓரத்திலிருந்து தண்ணீர் விட்டு முழுதாக அணையுங்கள். மேலே மட்டும் நனைத்துவிட்டுப் போனால் உள்ளே கனன்று ராத்திரி மறுபடி பற்றிக்கொள்ளும், காலையில் சாம்பல்தான் மிஞ்சும்.

ஆறினதும் ஒரு துண்டைக் கையில் நசுக்கி, சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு அப்படியே போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டினால் தார் மிச்சம் இருக்கிறது, செடிக்கு ஆகாது.

ரப்பர்த்தடி மில்லில் துண்டு துண்டாகக் கிடைக்கும், சும்மாவே தருவார்கள். ஆனால் பூச்சி விழாமல் இருக்க போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கியெடுத்த தடி அங்கே இருக்கும். அதைச் சுட்டால் போரான் கரியில் தங்கிவிடும், அதிகமானால் பயிரின் இலை ஓரம் கருகும். முக்காத பச்சைத் தடியை மட்டும் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் அடித்த பலகை கிட்டவே வரக் கூடாது. கொல்லாங்கொட்டைத் தோடும் வேண்டாம், அதன் எண்ணெய் கையையும் கண்ணையும் புண்ணாக்கும்.

கரியை நேரே மண்ணில் போடாமல் சாணிக்கரைசலோடோ கம்போஸ்டோடோ கலந்து சில வாரம் நனைய வையுங்கள். வெறும் கரி முதலில் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், வாழை வெளிறும்.

கரைப்பெண்

எங்கள் கரையில் மீன் எலும்பு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அதைக் கரியோடு சேர்த்தால் பலன் உண்டா?

மண்ணும் வேரும்

ஈயத்துக்கு நிச்சயம் உண்டு அக்கா. மீன் எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். ஈயம் அதோடு சேர்ந்து பைரோமார்பைட் என்ற கனிமமாக மாறும், கரைவது மிகக் குறைவு. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஈயம் ஏறிய வீட்டு முற்றங்களில் அரைத்த மீன் எலும்பைக் கலந்து இதைச் செய்திருக்கிறார்கள். காய்ந்து அரைத்த எலும்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாயும் எலியும் விளையைத் தோண்டிவிடும். ஆர்சனிக் இருக்கும் மண்ணில் மட்டும் பாஸ்பேட் வேண்டாம்.

திருவட்டாறு விளை

மண்வள அட்டை கையில் இருக்கிறது, அதைப் பார்த்தேன். பிஎச் 5.2. துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீஸ் எழுதியிருக்கிறது. ஈயம், காட்மியம் என்ற வரியே இல்லை.

மண்ணும் வேரும்

அந்த அட்டையில் இருப்பது பயிர்ச்சத்துக் கணக்கு, 12 அளவுகள்தான். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். உலோகத்தை நுணுக்கமாக அளக்கும் ஐசிபி அல்லது ஏஏஎஸ் கருவி இருக்கும் ஆய்வகமா என்று விசாரியுங்கள். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேட்டால் எங்கே அனுப்பலாம் என்று வழி சொல்வார்கள். இரண்டு அளவு கேளுங்கள்: மண்ணில் மொத்தம் எவ்வளவு, டிடிபிஏ கரைசலில் வெளிவருவது எவ்வளவு. வேருக்கு எட்டுவதைக் காட்டுவது இரண்டாவதுதான். கரி போட்ட பிறகு குறைய வேண்டியதும் அதுதான்.

மண் எடுக்கும்போது துத்தநாகம் பூசிய வாளியோ துருப்பிடித்த மண்வெட்டியோ வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியும் சுத்தமான பையும் போதும். ஓடை வாயில் ஒன்று, விளையின் நடுவில் ஒன்று, குவாரித் தண்ணீர் தொடாத மேட்டில் ஒன்று என்று மேல் 15 சென்டிமீட்டரிலிருந்து எடுங்கள். மேட்டு மண் இல்லாமல் மற்ற இரண்டையும் எதோடு ஒப்பிடுவது? கிணற்றுத் தண்ணீரும் கொடுங்கள். ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, குடிநீருக்கு அதுதான் எல்லை.

முடிவு வரும்வரை ஓடை வாயில் கீரை போடாதீர்கள், இலைக்காய்கறிதான் காட்மியத்தை அதிகம் ஏற்றும். மரச்சீனியைத் தோல் தடிப்பாகச் சீவி நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

ஆஸ்பென் கதைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். உங்கள் விளையில் எவ்வளவு கரி போட்டாலும் மேலே அந்தக் குவியல் அப்படியே கிடந்தால் அடுத்த ஐப்பசியில் மறுபடி ஏடு கட்டும். கரியும் கம்போஸ்டும் வெட்டிவேரும் முதலில் போக வேண்டிய இடம் அந்தக் குவியல்தான். அது உங்கள் செலவும் இல்லை. குத்தகை எடுத்தவரின் பொறுப்பு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம் எல்லாம் அதில் வரும். நாகர்கோவிலில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஓடைக்குக் கீழே இருக்கும் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

திருவட்டாறு விளை

அப்பாவிடம் படித்துக் காட்டினேன், மூட்டை வேண்டாம் என்று அந்த ஆளுக்குப் போன் செய்துவிட்டார். ஓடைக்குக் கீழே எங்களோடு இன்னும் நாலைந்து வீடு இருக்கிறது, அவர்களிடம் இன்று சாயங்காலம் பேசப் போகிறேன். மனுவை எழுதி இங்கே போடுகிறேன், யாராவது திருத்திக் கொடுங்கள்.

கல்குளத்து மாணவன்

போடுங்கள் அண்ணே, நான் பார்த்துத் தருகிறேன். குவியலை நாலு பக்கமும் படம் எடுத்து, தேதியோடு சேருங்கள். மழை பெய்யும்போது ஓடையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இறங்குவதை வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண் தெரியவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும், அது இல்லாத மனுவைத் திருப்பிவிடவும் கூடும்.